வெற்றுப் பக்கங்களை நிரப்பிய வங்கிக் குமாஸ்தா

படப்புத்தகம் பிறந்த கதை – பகுதி 6

லண்டன் அச்சுக்கூடக்காரர் எட்மண்ட் எவன்ஸ் கையைப் பிசைந்துகொண்டு நின்ற இடத்தில் சென்ற பகுதியை நிறுத்தியிருந்தோம். 1865 முதல் பத்தாண்டுக்கு மேல் அவருக்குக் குழந்தைப் புத்தகங்கள் வரைந்து தந்த வால்டர் கிரேன், 1876-இல் 'போதும்' என்று ஒதுங்கிவிட்டார். எவன்ஸிடம் மரக்கட்டை செதுக்கக் கைதேர்ந்த ஆட்கள் இருந்தார்கள். வண்ண மை இருந்தது. விற்றுத் தர ரௌட்லெட்ஜ் பதிப்பகம் இருந்தது. கிறிஸ்துமஸ் சந்தையும் ஆண்டு தவறாமல் வந்தது. படம் போடத்தான் ஆள் இல்லை.

1877-இல் அவர் தேடிப் போன மனிதருக்கு வயது முப்பத்தொன்று. ஓவியத்தை முழுநேரமாகக் கற்றவரில்லை. அதற்குச் சில ஆண்டுகள் முன்புவரை வங்கி மேஜையில் உட்கார்ந்து கணக்கு எழுதியவர். பெயர் ராண்டால்ஃப் கால்டெகாட். இன்று அமெரிக்காவிலிருந்து வரும் சில குழந்தைப் புத்தகங்களின் அட்டையில் வட்டமாகத் தங்க முத்திரை ஒன்று ஒட்டியிருக்கும். அது இவர் பெயரால் தரப்படும் விருது.

1846 மார்ச் 22-இல் இங்கிலாந்தின் செஸ்டர் நகரத்தில் பிறந்தவர் கால்டெகாட். அப்பா தொப்பிக்கடை வைத்திருந்தார். கணக்கு வேலையும் பார்த்தார். சிறு வயதில் வந்த வாதக் காய்ச்சல் பையனின் இதயத்தைப் பழுதாக்கிவிட்டுப் போனது. ஆனாலும் படிப்பில் கெட்டி. பள்ளியின் மாணவர் தலைவராகக்கூட இருந்தார். படம் வரையும் பைத்தியம் சின்ன வயதிலேயே பிடித்திருந்தது. அப்பாவோ வரும்படி உள்ள வேலையில் பிள்ளை உட்கார வேண்டும் என்று நினைத்தார். பதினைந்து வயதில், 1861-இல், ஷ்ராப்ஷையர் மாவட்டத்து விட்சர்ச் என்ற சிற்றூரின் வங்கிக் கிளையில் சேர்த்துவிட்டார்.

அதே ஆண்டு செஸ்டர் ரயில் நிலையத்தை அடுத்திருந்த ஓட்டல் தீப்பிடித்து எரிந்தது. பையன் அதை வரைந்து லண்டனுக்கு அனுப்பினான். டிசம்பரில் 'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' இதழ் அதை வெளியிட்டது. அச்சேறிய முதல் படம். அதற்குப் பிறகு அடுத்த பத்தாண்டு வங்கிதான்.

அந்தப் பத்தாண்டு வீண் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கால்டெகாட் ஊருக்கு வெளியே ஒரு பண்ணை வீட்டில் தங்கியிருந்தார். வங்கி வேலைக்காகக் குதிரையிலும் வண்டியிலும் கிராமம் கிராமமாகப் போக நேர்ந்தது. மாட்டுச்சந்தை, நரிவேட்டைக்குக் கிளம்பும் கூட்டம், வாயில்கதவில் சாய்ந்து வம்பளக்கும் விவசாயி, சேற்றில் இறங்கத் தயங்கும் குதிரை என்று கண்ணில் பட்டதெல்லாம் கைக்குக் கிடைத்த காகிதத்தில் ஏறின. பின்னால் வரைந்த பதினாறு புத்தகங்களுக்கும் அவர் சரக்கெடுத்தது இந்தக் களஞ்சியத்திலிருந்துதான். ஓவியப் பள்ளிக்கு நேரே போயிருந்தால் கிரேக்கச் சிலைகளின் பிளாஸ்டர் வார்ப்புகளைப் பார்த்து நிழல் தீட்டப் பழகியிருப்பார். நரிவேட்டைக்காரன் கீழே விழும்போது தொப்பி எந்தப் பக்கம் பறக்கும் என்று அங்கே யார் சொல்லித் தந்திருப்பார்கள்?

1867-இல் மான்செஸ்டர் வங்கிக்கு மாறினார். அங்கே பகலில் பேரேடு, மாலையில் ஓவியப் பள்ளி வகுப்பு. ஓவியர் தாமஸ் ஆர்ம்ஸ்ட்ராங்கின் பழக்கம் கிடைத்தது. அவர் வழியாக 'லண்டன் சொசைட்டி' இதழின் ஆசிரியர் ஹென்றி பிளாக்பர்ன் அறிமுகமானார். பத்திரிகைகளில் படங்கள் வரத் தொடங்கின. 1872-இல், இருபத்தாறு வயதில், மாதச் சம்பளத்தை உதறிவிட்டு லண்டனுக்கு ரயிலேறினார். பழுதான இதயத்தோடு, பென்ஷனையும் விட்டுவிட்டு ஒருவர் எடுத்த முடிவு இது. அப்பாவுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கலாம்.

லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு எதிரே அறை எடுத்தார். பாரிஸ் கம்யூன் வீழ்ந்த பிறகு தப்பியோடி வந்திருந்த பிரெஞ்சுச் சிற்பி ஜூல் தலூவோடு ஒரு பண்டமாற்று நடந்தது. கால்டெகாட் ஆங்கிலம் பேசக் கற்றுக்கொடுத்தார். தலூ களிமண்ணில் உருவம் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். காசு கைமாறவில்லை. பறவைகளையும் அவர் விட்டுவைக்கவில்லை. உயிரோடு பார்த்து வரைந்தார், எலும்புக்கூட்டைப் பார்த்தும் வரைந்தார். சிறகு எங்கே ஒட்டியிருக்கிறது என்று தெரியாமல் சிறகை ஒரே கோட்டில் போட முடியாது என்பது அவருக்குப் புரிந்திருந்தது.

அந்த ஒரே கோடு என்பதுதான் அவருடைய வித்தை. கோடு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு பிழையும் குறையும் என்பது அவர் கொள்கை. எதை விட்டுவிட வேண்டும் என்று அறிவதை ஒரு சாஸ்திரமாகவே அவர் நினைத்தார் என்று நண்பர் பிளாக்பர்ன் எழுதியிருக்கிறார். அந்தக் காலத்துப் புத்தகப் படங்களோடு வைத்துப் பார்த்தால் இதன் துணிச்சல் தெரியும். விக்டோரியா காலத்துச் செதுக்குப்படக்காரர்கள் ஓர் அங்குல இடத்தையும் சும்மா விடமாட்டார்கள். குறுக்கும் நெடுக்குமாகக் கோடு இழுத்து வானத்தைக்கூடத் துணிபோல நெய்துவிடுவார்கள். கால்டெகாட்டின் குதிரை ஓடுவதற்குக் காகிதத்தின் வெள்ளையே வெளியாகக் கிடந்தது.

இதை எல்லோரும் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. அமெரிக்க எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங் எழுதிய கிறிஸ்துமஸ் கட்டுரைகளுக்கு அவர் படம் வரைந்தபோது, பெயர்பெற்ற ஒரு பதிப்பாளர் கலைநயம் போதாது, விளையாட்டுத்தனம், கொச்சை என்று திருப்பி அனுப்பினாராம். அந்தப் பெயரைப் பிளாக்பர்ன் நாகரிகமாக மறைத்துவிட்டார். மேக்மில்லன் எடுத்துக்கொண்டது. 1875 முடிவில் 'ஓல்ட் கிறிஸ்துமஸ்' என்ற பெயரில் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களோடு வந்த அந்தப் புத்தகம் கால்டெகாட்டின் பெயரை வீடுவீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. எவன்ஸ் அவரைத் தேடிப் போனது இதற்குப் பிறகுதான்.

எவன்ஸ் ஒரு யோசனையோடு போனார். யோசனை பிறந்தது கலையிலிருந்து அல்ல, கஞ்சத்தனத்திலிருந்து என்றுகூடச் சொல்லலாம். அன்றைய வண்ணப் புத்தகங்களில் தாளின் ஒரு பக்கத்தில்தான் படம் இருக்கும். மறுபக்கம் வெறுமையாகக் கிடக்கும். காசு கொடுத்து வாங்கிய காகிதம் பாதி வெள்ளையாகப் போவதை அச்சுக்கூடக்காரர் கண் எப்படிப் பொறுக்கும்? அந்தப் பக்கங்களிலும் ஏதாவது போடுங்கள், நாலு கோடாக இருந்தாலும் பரவாயில்லை என்று கேட்டார். நாலு கோட்டில் ஓர் ஆளையே நிறுத்தக்கூடியவரிடம் போய்க் கேட்டதுதான் அதிர்ஷ்டம்.

ஒப்பந்தமும் புதுமாதிரி. கட்டை செதுக்கும் செலவு, காகிதம், அச்சு எல்லா நஷ்டப் பொறுப்பும் எவன்ஸுடையது. புத்தகம் விற்றால் கால்டெகாட்டுக்குப் பங்கு உண்டு. விற்காவிட்டால் கையில் ஒன்றும் வராது. படத்துக்கு இவ்வளவு என்று மொத்தமாக வாங்கிக்கொண்டு போவதுதான் அன்றைய வழக்கம். கிரேனும் அப்படித்தான் வாங்கினார், பின்னால் அதை நினைத்து மனக்கசப்புப்பட்டார். வங்கிக்காரருக்கு வட்டிக்கணக்கு தெரியும். பங்குக்கு ஒப்புக்கொண்டார்.

வேலை நடந்த விதத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். கால்டெகாட் காகிதத்தில் பேனாவால் கோட்டுப்படம் வரைவார். அது புகைப்பட முறையில் பாக்ஸ்வுட் மரக்கட்டையின் மேல் ஏற்றப்படும். இந்த மரம் இரும்புபோல இறுகலானது. தண்டைக் குறுக்கே அறுத்த முகத்தில்தான் செதுக்குவார்கள், மயிரிழைக் கோடும் உடையாமல் நிற்கும். செதுக்கிய கட்டையிலிருந்து கரும்பழுப்பு மையில் ஒரு பிரதி எடுத்துக் கால்டெகாட்டுக்கு அனுப்புவார் எவன்ஸ். அதன்மேல் அவர் நீர்வண்ணம் தீட்டித் திருப்பி அனுப்புவார். இனிமேல்தான் எவன்ஸின் மூளைக்கு வேலை. அந்த வண்ணங்களையெல்லாம் எத்தனை குறைவான கட்டைகளில் அடக்க முடியும்? முகத்துக்கும் கைக்கும் தோல்நிறம் ஒன்று, பிறகு சிவப்பு, நீலம், மஞ்சள், சாம்பல். கோட்டுக்கட்டையோடு சேர்த்து ஆறு. ஒவ்வொரு தாளும் ஆறுமுறை அச்சில் படுத்து எழுந்திருக்க வேண்டும். ஒரு கட்டை நூலளவு விலகினாலும் சிவப்புக் கோட்டு ஆளைவிட்டு வெளியே நழுவிவிடும். பச்சை என்று தனிக் கட்டையே கிடையாது. நீலமும் மஞ்சளும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து இங்கிலாந்தின் புல்வெளியாயின.

வண்ணப் பக்கங்கள் புத்தகத்துக்கு எட்டு, ஒன்பதுதான். மீதியெல்லாம் அந்தப் பழுப்புக் கோட்டுப்படங்கள். எவன்ஸின் வெற்றுப் பக்கங்கள் இப்படித்தான் நிரம்பின. விலை ஒரு ஷில்லிங்.

1878 கிறிஸ்துமஸுக்கு முதல் இரண்டு புத்தகங்கள் வந்தன. ஒன்று, ஜாக் கட்டிய வீட்டைப் பற்றிய பழைய அடுக்குப்பாட்டு. மற்றது, வில்லியம் கூப்பர் 1782-இல் எழுதிய ஜான் கில்பின் கதைப்பாடல். மணநாளைக் கொண்டாடக் கிளம்பிய லண்டன் ஜவுளிக்காரர் ஒருவர், இரவல் குதிரை நிற்காமல் ஓடிப்போனதால் விருந்து நடக்கும் ஊரையும் தாண்டிப் பல மைல் அடித்துச் செல்லப்படும் வேடிக்கை அது. இரண்டிலும் பத்தாயிரம் பிரதிகள் அச்சிட்டார் எவன்ஸ். மறுபதிப்பைத் தயார் செய்வதற்குள் தீர்ந்துவிட்டது. அதன்பிறகு ஆண்டுக்கு இரண்டு என்று 1885 வரை எட்டு கிறிஸ்துமஸ், பதினாறு புத்தகங்கள்.

அவற்றைப் படப்புத்தகத்தின் தொடக்கம் என்று வரலாறு எழுதுபவர்கள் சொல்வதற்குக் காரணம் அழகு மட்டுமில்லை. கிரேனின் படங்கள் இவற்றைவிட அலங்காரமானவை. ஆனால் கிரேனின் படம் பாட்டு சொன்னதைத்தான் சொல்லும். கால்டெகாட்டின் படம் தெருக்கூத்துக் கட்டியங்காரனைப் போன்றது. ராஜா வசனம் பேசிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் நின்று, அவர் சொல்லாததையும் சொல்லக் கூடாததையும் சபைக்குச் சொல்லிவிடும்.

1882-இல் வந்த 'ஹே டிட்டில் டிட்டில்' புத்தகத்தை எடுத்துக்கொள்வோம். பூனை பிடில் வாசிக்க, பசு நிலாவைத் தாண்ட, சாப்பாட்டுத் தட்டு கரண்டியை இழுத்துக்கொண்டு ஓடிப்போவதோடு பாட்டு முடிந்துவிடுகிறது. ஆறே வரிப் பாட்டு. கால்டெகாட் அங்கே நிறுத்தவில்லை. பாட்டில் சொல் தீர்ந்த பிறகு இன்னொரு படம் வருகிறது. தட்டு தரையில் சுக்குநூறாகக் கிடக்கிறது. மற்றத் தட்டுகள் துக்கம் கொண்டாடுகின்றன. கரண்டியை இரண்டு பக்கமும் பிடித்து வீட்டுக்கு நடத்திக்கொண்டு போகிறார்கள், அவளைப் பெற்ற கத்தியும் முள்கரண்டியும். ஓடிப்போன ஜோடிக்கு நேர்ந்த கதி ஒரு சொல்லும் இல்லாமல் முடிந்துவிடுகிறது. குழந்தை சிரிக்கும். மடியில் வைத்துப் படித்துக் காட்டும் பெரியவருக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிடும். நமக்கெல்லாம் இந்தக் கதை செய்தித்தாளிலிருந்தும் தெரியுமே.

அதே புத்தகத்தின் இரண்டாம் பாட்டு ஒரு தாலாட்டு. குழந்தையைச் சுற்றிக் கதகதப்பாக்க அப்பா முயல்தோல் கொண்டுவரப் போயிருக்கிறார். விஷயம் அவ்வளவுதான். கடைசிப் படத்தில் முழு முயல்தோலையும் காதோடு சேர்த்துப் போர்த்திக்கொண்டு குழந்தை அம்மா கையைப் பிடித்து நடந்து வருகிறது. எதிரே மேட்டில் உயிருள்ள முயல்கள். குழந்தை அவற்றைப் பார்க்கிறது. முயல்கள் குழந்தையைப் பார்க்கின்றன. நூறாண்டு கழித்து இந்தப் பார்வையைப் பற்றி அமெரிக்க ஓவியர் மாரிஸ் சென்டாக் மாய்ந்து மாய்ந்து எழுதினார். தன் உடுப்பு எங்கிருந்து வந்தது என்று அந்தக் குழந்தைக்கு அந்தக் கணத்தில் உறைக்கிறது என்பது அவருடைய வாசிப்பு. வரைந்தவர் போட்டிருப்பது இரண்டு புள்ளிக் கண்கள்தான்.

ஜாக்கின் வீட்டிலும் இப்படி ஒரு குறும்பு உண்டு. பூனையை ஒருவழி பண்ணிவிட்ட பெருமிதத்தோடு நாய் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறது. அதன் பின்னால் பசு வருவது அதற்குத் தெரியாது. பக்கத்தைத் திருப்பப் போகும் குழந்தைக்குத் தெரியும். பக்கம் திருப்புவது என்ற செய்கையையே கதையின் ஒரு பாகமாக்கியதில் இவருக்கு முன்னால் யாரும் இவ்வளவு தூரம் போனதில்லை.

பதினாறும் ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன். கூட்டம் கூட்டமாக நாட்டுப்புற ஆடலைக் காட்டும் 'கம் லாசஸ் அண்ட் லாட்ஸ்' கண்ணுக்கு விருந்துதான், ஆனால் சொல்லுக்கும் படத்துக்கும் நடக்கும் அந்தச் சண்டை அதில் இல்லை. 'மூன்று குதூகல வேட்டைக்காரர்கள்' எனக்கு மிகப் பிடித்தது. நாள் முழுக்கக் குதிரையில் சுற்றி, கண்ணில் பட்டதற்கெல்லாம் ஆளுக்கொரு பெயர் வைத்து வாதாடி, வெறுங்கையோடு திரும்பும் மூன்று தொந்திக்காரர்கள். விட்சர்ச் ஊரில் குமாஸ்தாப் பையன் பார்த்துவைத்த முகங்கள் அவை.

ஓவியர் கேட் கிரீனவே, கால்டெகாட் பிறப்பதற்கு ஐந்தே நாள் முன்னால் பிறந்தவர். அவரையும் எவன்ஸ்தான் தூக்கிவிட்டார். தட்டும் கரண்டியும் ஓடிப்போகும் படங்களை அச்சாகும் முன்பே பார்த்துவிட்டு, தனக்கு இப்படி ஒரு மூளை இல்லையே என்று நண்பருக்குக் கடிதம் எழுதினார். பொறாமையை ஒளிக்காமல் சொன்ன பெருந்தன்மை. கடலுக்கு அப்பால் வான் கோ தன் கடிதங்களில் கால்டெகாட்டைப் பாராட்டியிருக்கிறார். பிரான்சின் பிரிட்டனி கிராமங்களைப் பிளாக்பர்னோடு சுற்றிக் கால்டெகாட் வரைந்த படங்கள் 1880-இல் புத்தகமாக வந்தன. அவற்றிலுள்ள வாத்துகளைக் காட்டி, வரைதல் என்றால் இதுதான் என்று கோகன் மெச்சினாராம்; உடனிருந்து கேட்ட ஓவியர் ஹார்ட்ரிக் பதிவு செய்திருக்கிறார். கால்டெகாட்டோ எண்ணெய் வண்ண ஓவியங்களை ராயல் அகாதமியில் மாட்டி, 'முறையான' ஓவியர் என்று பெயர் வாங்கவும் ஆசைப்பட்டார். அந்த ஓவியங்களை இன்று யார் தேடிப் பார்க்கிறார்கள்?

உடம்புதான் ஒத்துழைக்கவில்லை. லண்டன் குளிர் ஆகாது என்று பல குளிர்காலங்களைத் தெற்கே மத்தியதரைக் கடலோரம் கழித்தார். போன இடத்திலும் 'கிராஃபிக்' பத்திரிகைக்கு வரைந்து அனுப்பினார். 1880-இல் மரியன் பிரிண்டைத் திருமணம் செய்துகொண்டு கென்ட் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் குடித்தனம் நடத்தினார். குழந்தைகள் இல்லை.

கடைசிப் புத்தகங்களில் ஒன்றின் பின்னால் ஒரு கதை உண்டு. எதையும் ஒருமுறை கேட்டால் அப்படியே ஒப்பிப்பேன் என்று பதினெட்டாம் நூற்றாண்டு நடிகர் சார்லஸ் மாக்லின் பெருமை பேச, அவரை மடக்க சாமுவேல் ஃபுட் என்ற இன்னொரு நடிகர் தலையும் வாலும் இல்லாத ஓர் உளறலை எழுதிக் கொடுத்தாராம். 1885-இல் அந்த உளறலை எடுத்துக்கொண்டார் கால்டெகாட். அர்த்தமே இல்லாத உரைக்குப் படம் எதைக் காட்டுவது? உளறலில் வரும் 'பெரிய பஞ்சான்டிரம்' என்ற பிரகிருதியை, கறுப்பு அங்கியும் சதுரத் தொப்பியும் போட்ட பள்ளிக்கூட வாத்தியாராக நிறுத்திவிட்டார். உளறலுக்கு ஆள் கிடைத்துவிட்டது.

அந்த அக்டோபரில் மனைவியோடு அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். இதமான வெயில் தேடியும், அமெரிக்க வாழ்க்கையைக் 'கிராஃபிக்' இதழுக்கு வரையவும். நியூயார்க்கில் இறங்கி ரயிலில் தெற்கே தெற்கே போய் ஃபுளோரிடா சேர்ந்தபோது, அங்கேயும் வழக்கத்துக்கு மாறான குளிர். 1886 பிப்ரவரியில் செயின்ட் அகஸ்டின் நகரில் காலமானார். நாற்பது நிறைய ஒரு மாதம் சொச்சம் இருந்தது. அந்த ஊரிலேயே அடக்கம் செய்தார்கள். லண்டனில் நண்பர்கள் பணம் திரட்டி செயின்ட் பால் பேராலயத்தின் நிலவறையில் நினைவுச் சின்னம் வைத்தார்கள். செய்தவர் சிற்பி ஆல்ஃப்ரெட் கில்பர்ட்.

படங்கள் புகைப்பட முறையில் கட்டைக்கு ஏறியதால் ஒரு நன்மை விளைந்தது. நேரே கட்டையில் வரைந்திருந்தால் செதுக்கும்போதே மூலப்படம் போய்விடும். காகிதத்தில் வரைந்தவை தப்பின, விலைக்கும் வந்தன. வாங்கியவர்களில் ரூபர்ட் பாட்டர் என்ற லண்டன் வழக்கறிஞரும் ஒருவர். தவளை பெண் கேட்கப் போகும் புத்தகத்தின் மூலப்படங்கள் அவர் வீட்டுக்கு வந்தன. அவர் மகள் பியாட்ரிக்ஸ் அவற்றைப் பார்த்து வளர்ந்தாள். அதைப்போல வரைய முயன்று முடியவில்லை என்று பின்னால் சொன்னாள். அவளுடைய பீட்டர் முயல் 1902-இல் வெளிவந்தபோது அதை அச்சிட்டதும் எட்மண்ட் எவன்ஸின் அச்சகம்தான்.

1937-இல் அமெரிக்கப் பதிப்பாளர் ஃபிரெடரிக் மெல்சர், ஆண்டின் சிறந்த படப்புத்தக ஓவியருக்குக் கால்டெகாட் பெயரில் பதக்கம் தரலாம் என்று நூலகர்களிடம் முன்மொழிந்தார். ரெனே பால் ஷாம்பெலான் வடித்த பதக்கத்தின் ஒரு முகத்தில், பிடரியைக் கட்டிக்கொண்டு ஜான் கில்பின் இன்னும் குதிரையில் பறந்துகொண்டிருக்கிறார். சுற்றிலும் நாய்களும் வாத்துகளும். 1938-இல் முதல் பதக்கம் டாரதி லாத்ராப்புக்குப் போனது. விருதின் விதிப்படி, பெறுபவர் அமெரிக்கக் குடிமகனாகவோ அங்கே வசிப்பவராகவோ இருக்க வேண்டும். செஸ்டர்காரர் பெயரில் உள்ள பதக்கம், செஸ்டரில் உட்கார்ந்து வரையும் ஓவியருக்குக் கிடைக்காது. பிரிட்டிஷ் நூலகர்கள் 1950-களில் தங்களுக்கென ஒரு பதக்கம் நிறுவியபோது, கால்டெகாட் பெயர் ஏற்கெனவே கடல் தாண்டிப் போயிருந்தது. கேட் கிரீனவேயின் பெயரை வைத்தார்கள்.

அந்தக் கிரீனவேயும், இங்கிலாந்துத் தாய்மார்கள் தம் பெண்களுக்கு அவர் படங்களைப் பார்த்துச் சட்டை தைத்த விசித்திரமும் அடுத்த பகுதியில்.